மாவுக்குள் அசைந்தவை

கோடைக்கானல்
12-9-56

சௌபாக்கியவதி பார்வதத்துக்கு ஆசீர்வாதம். நான் சௌக்கியம். முழங்கால் வலியோடு மலைப்படி ஏறாதே. கீழே நின்றே முருகனைக் கும்பிடு.

பங்காளிகள் என் கோயில் மடப்பள்ளி முறையைப் பிடுங்கிக்கொண்டதால்தானே அறுபது வயதில் இந்த வானாராய்ச்சிக்கூடத்தில் சமைக்க வந்தேன்? இங்கே எல்லோருக்கும் செவ்வாயில் உயிர் இருக்கிறதா என்பதே பேச்சு. இங்கே உத்தியோகம் பார்க்கும் நம் ஊர்ப்பக்கத்துக் கே.ஜி.கண்டிகைக்காரர் சத்தியநாதன், திங்களன்று என் இட்லி மாவில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். உள்ளே பொடிப்பொடியாக எத்தனையோ அசைந்தன!

“இதெல்லாம் உயிரா?” என்றேன்.

“ஆங், உயிர்தான் சாமி. தின்னுது, பெருகுது, சாவுது. செவ்வாய்ல இதுல ஒண்ணு கிடைச்சா போதும், உலகமே ஆடிப்பூடும்.”

“அப்போ நாற்பது வருஷமா நான் அவிச்சது?”

“கறி தின்னுற எங்க கட்சிதான் நீங்களும்!” என்று சிரித்தார்.

நான் விடவில்லை. அவருடைய இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதிலும் அப்படியே போட்டிருக்கிறது. பார்வதம், எறும்பைக்கூட மிதிக்காமல் நடந்தவன் நான்! அன்றிலிருந்து மாவு அரைக்கவில்லை. தயிரிலும் உண்டாம், அதையும் விட்டேன். மேலதிகாரி இட்லி கேட்டுக் கத்துகிறார். வேலை போனாலும் செய்யமாட்டேன்.

கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள நாரத்தங்காய் அனுப்பு. ஒரு கம்பளியும் வேண்டும். அறையில் நான் ஒருவன்தான், குளிர் தாங்கவில்லை.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. நான் விட்டேன் என்று நீயும் தயிரை விடாதே. கல்யாணத்தின்போது பள்ளிப்பட்டிலிருந்து நீ கொண்டுவந்த உறைமோர், இன்றுவரை அறுந்ததில்லை. நானும் இல்லாத வீட்டில் உனக்குத் துணை அதுதான். தினமும் பால் ஊற்று. சாகவிடாதே.

நாராயணசுவாமி