ஹங்கேரிக்காக ஆடிய எதெல்கா அக்காவுக்கு

என் எதெல்கா அக்கா,

உங்களைப் புதைத்து ஒரு மாதம் ஆகிறது. அழுகை வந்து போய்விட்டது. கோபம்தான் இன்னும் போகவில்லை.

சர்ச்சில் உங்கள் மகன் பேசினான். "அம்மா எளிமையானவர். பதினாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினார். ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை" என்றான். அத்தனையும் உண்மை. ஆனால் அதோடு போய் உட்கார்ந்துவிட்டான். ஹங்கேரி தேசிய அணிக்காக எட்டு வருஷம் ஹேண்ட்பால் ஆடியவர் நீங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பிலும் இல்லை.

எனக்கே தெரிய வந்தது தற்செயலாகத்தான். இங்கே அமெரிக்காவில், நம் வெஸ்ட் வின்ட்சரில், என் மகளை உங்கள் பஸ்ஸில் ஏற்ற நின்றிருந்தேன். பனி கொட்டிக் கிடந்தது. பெரிய பையன்கள் பஸ்மீது பனியை உருட்டி அடித்தார்கள். நீங்கள் கீழே இறங்கினீர்கள். ஓர் உருண்டை பிடித்தீர்கள். மூன்று எட்டு, ஒரு தாவல், அந்தரத்திலேயே உடம்பைத் திருப்பி ஒரு வீச்சு. எதிர்ப்பக்க மரத்தில் சரியாகப் போய் விழுந்தது. பையன்கள் கையிலிருந்த பனியைக் கீழே போட்டார்கள். நான் "ஹேண்ட்பாலா?" என்று கேட்டேன்.

நீங்கள் திரும்பிப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. நீங்கள் அமெரிக்கா வந்த பிறகு யாரும் உங்களிடம் கேட்காத கேள்வி அது. "நீ எங்கே ஆடினாய்?" என்றீர்கள்.

"திருச்சியில், காலேஜ் டீமில். மாநில அணிக்குத் தேர்வான கடிதம் வந்தது. அப்பா அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் கல்யாணம் பேசினார்."

நீங்கள் பரிதாபப்படவில்லை. "சனிக்கிழமை என்ன செய்கிறாய்?" என்று மட்டும் கேட்டீர்கள்.

உங்கள் கதையைப் பிறகுதான் சொன்னீர்கள், உங்கள் சமையலறையில். பதினைந்து வயதில் ஒரு தொழிற்சாலை அணி. பத்தொன்பதில் தேசிய அணி. இருபத்தேழில் மகன் பிறந்தான். ஐந்தாம் மாதமே பயிற்சிக்குப் போய் நின்றீர்கள். "அம்மா ஆனவளுக்கு இங்கே வேலை இல்லை" என்று கிளப் பயிற்சியாளர் உங்கள் பெயரை அடித்துவிட்டார். தேசிய அணியும் போயிற்று, கிளப்பும் போயிற்று.

நீங்கள் வீட்டுக்குப் போகவில்லை. யாரும் மதிக்காத ஒரு சின்ன ஊர் அணியில் சேர்ந்தீர்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு கோப்பைப் போட்டியில் பழைய கிளப்பே எதிரில் வந்தது. அன்று ஏழு கோல் போட்டீர்கள். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பயிற்சியாளர் கை நீட்டினாராம். கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"கொடுத்தேன். கொஞ்சம் இறுக்கமாக" என்றீர்கள்.

இதையெல்லாம் பெற்ற பிள்ளையிடம் ஏன் சொல்லவில்லை, அக்கா? தன்னால்தான் அம்மாவின் ஆட்டம் போயிற்று என்று அவன் நினைத்துவிடுவான் என்றா?

அப்படியென்றால் கேளுங்கள். நான் சொல்லிவிட்டேன். அன்று சர்ச்சிலேயே எழுந்து நின்று, என் திருச்சி இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் வெளுத்துப் போயிற்று. பார்க்கிங் லாட்டில் வந்து, "ஆன்ட்டி, என்னாலா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"உன்னால் இல்லை. அந்த ஆளால். உன் அம்மா அதற்குப் பதிலும் கொடுத்துவிட்டார்" என்றேன்.

மறுநாள் அவனே பத்திரிகைக்கு போன் செய்தான். "சுவரில் பந்து அடிக்கும் ஆட்டமா?" என்று கேட்டார்களாம். இல்லை, பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம் என்று கால் மணி நேரம் விளக்கியிருக்கிறான். போன ஞாயிறு திருத்தம் வந்தது. உங்கள் பெயருக்குக் கீழே முதல் வரியே தேசிய அணிதான், பஸ் இரண்டாவது வரி. உங்கள் ரகசியத்தை உடைத்ததற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

இன்னொரு செய்தி. நாம் பெண்களாகச் சேர்ந்து சனிக்கிழமைதோறும் ஆடும் ஸ்கூல் ஜிம் அரங்கு உங்கள் பெயரில் பதிவாகியிருந்ததால், இனி கிடையாது என்று ஸ்கூல் ஆபீஸில் சொன்னார்கள். என் பெயரில் அப்ளை பண்ணினேன். "முப்பத்தெட்டு வயசாச்சு ஸ்டெல்லா, முட்டி போச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன்கிட்ட யாரு பேசறது?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்கதான் பேசணும். ஃபாரத்துல எமர்ஜென்சி கான்டாக்ட்னு உங்க நம்பரத்தான் குடுத்திருக்கேன்" என்றேன்.

ஜிம் கிடைத்துவிட்டது. நம் அணியில் இப்போதும் பாத்திமாதான் கோல் காக்கிறாள், முன்னைவிட மோசமாகக் கத்துகிறாள். உங்கள் இடது பக்க இடத்தில் யாரும் நிற்க மாட்டேன் என்றார்கள். அது என்ன பழக்கம்? இடம் காலியாக இருந்தால் எதிராளி அந்த வழியாகத்தான் வருவான் என்று நீங்களே கத்துவீர்களே. நான் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த மாதம் கல்லூரிப் பெண்களோடு ஆட்டம் பேசியிருக்கிறோம். எல்லோருக்கும் இருபது வயது. தோற்போம் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் மகன் வருகிறேன் என்றிருக்கிறான். அவன் வந்தாலும் வராவிட்டாலும், கடைசி விசில் ஊதும்வரை நான் வெளியே வந்து உட்கார மாட்டேன். யார் உட்காரச் சொன்னாலும் சரி. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களோடு பிறக்காத, உங்களோடு ஆடிய தங்கை,
ஸ்டெல்லா