அழிச்சிடறேன் என்று சொன்னாய்

நேற்று ஸ்டீல் பீரோவின் அடித்தட்டைக் காலி செய்தபோது பழைய வீடியோ கேசட்டுகள் ஒரு டப்பா நிறையக் கிடைத்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன ரகம். மூடியைத் திறந்ததும் பூஞ்சை வாசம். பெரும்பாலும் கல்யாணங்கள். ஒன்றில் மட்டும் உன் கோணல் எழுத்து: ‘சபூராக்கா - சும்மா.’ ஸ்டுடியோவைப் பிரித்தபோது அது எப்படி என் பங்கில் வந்தது என்று தெரியவில்லை. அதைப் போட்டுப் பார்க்க இப்போது என்னிடம் கேமரா இல்லை. இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

பாகூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை நீ. நான் முல்லா வீதியில் இரும்புச் சாமான் கடைக்காரர் மகன். மாடியில் ஒரு அறை எடுத்து இருவரும் ஸ்டுடியோ வைத்தோம். கேமரா உன்னுடையது, கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவது என் வேலை. கல்யாணம், காதுகுத்து, சர்ச்சில் புதுநன்மை என்று எல்லா மதத்து விசேஷத்துக்கும் போனோம்.

மனநோயாளிகளுக்காக ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் நடத்தி வந்த அம்மையார் நம் மாடிப்படி ஏறி வந்தது அப்போதுதான். நோயாளிகள் பகலில் வந்து தங்கிப்போக ஓர் இடம் கட்ட வேண்டும், உதவுகிறவர்கள் பிரான்சிலிருந்து வருகிறார்கள், அவர்களுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும் என்றார். சும்மா செய்து தருகிறோம் என்று நீதான் முந்திக்கொண்டு சொன்னாய். ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் சபூராக்கா இருந்தாள்.

என் அக்காவுக்கு இருபது வயதில் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அம்மா அவளைப் பின்கட்டை விட்டு வெளியே அனுப்புவதில்லை. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கும் விடியற்காலை முதல் பஸ்ஸில்தான் கூட்டிப்போவாள். தெருவுக்குத் தெரியாது. வெளியாட்களில் உனக்கு மட்டும் தெரியும். “வா தம்பி, சாப்ட்டுப் போ” என்று அம்மா உன்னை மட்டும்தான் சமையலறை வரை விட்டாள். நீ வந்தால் அக்கா நிறையப் பேசுவாள்.

புதுக் கேமரா வாங்கியதும் அதைச் சோதிக்க ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தாய். அக்கா முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நீ கேட்கக் கேட்க அவள் பதில் சொன்னாள்.

“சத்தம் எப்பவும் வராது. வெங்காயம் உரிச்சா வராது. அதுக்கும் கண்ணு எரியும் போல.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

வாசற்படி இறங்கும்போது உன் கையைப் பிடித்தேன். “அத அழிச்சிடுடா. தங்கச்சிக்கு எடம் பாத்துக்கினு இருக்கோம்.”

“சும்மாதான்டா, டெஸ்ட்டு. அழிச்சிடறேன்.”

படம் எடுத்த நாட்கள் நினைவிருக்கிறதா? எந்த வீட்டிலும் முகத்தைக் காட்ட ஒத்துக்கொள்ளவில்லை. கைகளையும், முதுகையும், சுவரில் விழுந்த நிழலையும் எடுத்தோம். நான் கோத்து முடித்ததைப் பார்த்த அம்மையார், “நல்லா இருக்குப்பா, ஆனா ஒரு மொகங்கூட இல்லியே” என்றார். பிரெஞ்சில் எழுத்துப் போடத் தெரிந்தவரிடம் கொடுத்து வாங்கி வருவதாகச் சொல்லி நீ அதை எடுத்துப்போனாய். நான் சந்தேகப்படவில்லை.

பீச் ரோட்டுக்கு அருகே அந்த மண்டபத்தில் திரையிட்டார்கள். என் பெயர் திரையில் வரப்போகிறது என்று அம்மாவையும் தங்கையையும் கூட்டி வந்திருந்தேன். இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தேன். நிழல்கள், கைகள், முதுகுகள். பிறகு முறமும் வெங்காயமும். பிறகு திரை முழுக்க என் அக்காவின் முகம்.

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். படம் முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அம்மா துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வெளியே நடந்தாள். வாசலில் உன் கையைப் பிடித்து ஒரு வெள்ளைக்காரர் குலுக்கிக்கொண்டிருந்தார். உனக்கு இரண்டடி தள்ளி நின்று அம்மா என்னைக் கேட்டாள்:

“நீயா பண்ணே?”

நான் உன்னைப் பார்த்தேன். அம்மாவும் உன்னைப் பார்த்தாள். நீ குனிந்து கேமராப் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாய். ஏற்கெனவே மூடியிருந்த ஜிப்.

மறுநாள் ஸ்டுடியோவில் நான் கத்தியதெல்லாம் உனக்குத் தெரியும். நீ கத்தவில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?”

“கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப.”

“அதுக்காக?”

“எத்தன பேரு அழுதாங்க பாத்தியா? எடம் கட்டிடுவாங்கடா. சபூராக்காவும் அங்க போலாம்.”

அந்த வாரமே அறையைக் காலி செய்தோம். தங்கையைப் பெண் கேட்டிருந்தது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா குடும்பம். அவர்கள் மறுபடி வரவே இல்லை. இரண்டு வருடம் கழித்து அவளைக் காரைக்காலில் கொடுத்தோம். நீதான் செய்தாய் என்று அம்மாவிடம் எத்தனையோ முறை சொன்னேன். “அவன் செஞ்சான்னா நீ எங்க போன? உன் படந்தான அது?” என்பாள். சாகும்வரை அவள் அதற்குப் பிறகு என் படம் எதையும் பார்க்கவில்லை.

நீ சொன்னதுபோலவே இடம் கட்டினார்கள். எனக்கு ஆறாதது அதுதான். கோரிமேடு போகும் வழியில், வேப்பமரம் வைத்த கட்டடம். அக்கா வாரத்தில் மூன்று நாள் டவுன் பஸ் ஏறித் தனியாகப் போகிறாள், தனியாக வருகிறாள். அங்கே மற்றவர்களுக்கு ஊதுவத்தி உருட்டச் சொல்லித் தருகிறாள். அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் உன்னைத் திட்டவும் முடியாமல், திட்டாமல் இருக்கவும் முடியாமல் போவேன்.

கடைசியாக உன்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இளைத்திருந்தாய். என்னைக் கண்டு கையைத் தூக்கினாய். நான் கடலூர் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். மூன்று மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டாய் என்றார்கள். உன் வீட்டுக்கு நான் வரவில்லை. அக்காவிடம் சொல்லவே நாளாயிற்று.

“எப்ப?” என்று கேட்டாள். பிறகு, “படத்துல நான் பேசினது சரியா இருந்துச்சான்னு அவங்கிட்ட கேக்கணும்னு இருந்தேன்” என்றாள்.

“உன்ன அப்படிப் போட்டுக் காமிச்சது தப்பில்லியாக்கா?”

“தப்புதான். எங்கிட்ட அவன் கேக்கல.” என்னைப் பார்த்தாள். “என்ன மறச்சு வச்சப்ப நீ மட்டும் கேட்டியா?”

இப்போதும் இப்படிப்பட்ட நிறுவனங்களுக்குப் படம் எடுத்துத் தருகிறேன். யாரைப் படம் பிடிக்கிறேனோ அவர்களிடமே நேராகக் கேட்கிறேன். வீட்டாரிடம் அல்ல, நிறுவனத்திடம் அல்ல. முடித்ததும் முதலில் அவர்களுக்குத்தான் போட்டுக் காட்டுகிறேன். வேண்டாம் என்பவர்களும் உண்டு. அன்றைக்கு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அக்கா எப்போதோ விட்டுவிட்டாள், எனக்குத்தான் மனசு வரவில்லை. அந்தப் படத்தைக்கூட நான் ஒருநாள் விட்டுவிடலாம். ஆனால் அன்றைக்கு அந்த வாசலில், அம்மா உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றபோது, “நான்தாம்மா” என்று நீ சொல்லியிருக்கலாம்.