இருட்டில் நிற்கும் ஆளும் நம் அம்மாவும்

என் ராசு அண்ணனுக்கு,

நலமா என்று உன்னிடம் கேட்க முடியாது. நாங்கள் நலம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒன்பது வருடமாக உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் நீ இல்லை என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். இப்போது எழுதச் சொன்னது அம்மா. அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அதற்கு முன் உன் கேமைப் பற்றிப் பேச வேண்டும். அந்த விஷயத்தில் உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

போர்ட் பிளேரில் நாம் இருந்த ஜங்லிகாட் அறை ஞாபகம் இருக்கிறதா? நீ வேலை பார்த்த ரிப்பேர் கடையில் ஒதுக்கிப் போட்ட சாமான்களை வைத்து ஒரு கம்ப்யூட்டர் கட்டினாய். அதில் முதன்முதலில் போட்டது இந்த கேமைத்தான். கறுப்பு உடுப்பு போட்ட ஓர் ஆள். கீழே ஒரு சின்னக் கோடு. வெளிச்சத்தில் நின்றால் கோடு நிறையும், இருட்டுக்குப் போனால் வற்றும். யார் கண்ணிலும் படாமல், யார் காதிலும் விழாமல் அவனைக் கட்டடத்தின் கடைசி அறைவரை கொண்டுபோக வேண்டும். "சுடுறது யாரு வேணும்னாலும் சுடலாம் புள்ள. சும்மா நிக்கிறதுதான் கஷ்டம்" என்பாய். சும்மா நிற்க எனக்கு வந்தது. உனக்கு வரவே இல்லை.

அந்தத் தீபாவளிக்குக் கச்சால் தீவிலிருந்து அம்மா வந்திருந்தாள். திரையைப் பார்த்து, "யாருடா இவன்?" என்று கேட்டாள். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "இவன் செத்துட்டான்னு ஊரே நெனச்சிக்கிட்டு இருக்கும்மா. இருட்டுல ஒளிஞ்சிக்கிட்டு இருக்கான். வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துருவான்." அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா அண்ணா?

டிசம்பரில் லீவு என்று நீ கச்சாலுக்குப் போனாய். கடல் ஏறி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா மேட்டில் ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். நீ திரும்பி வரக் கப்பல் எப்போது என்று கேட்க ஜெட்டிக்கு இறங்கியிருந்தாய். நிவாரணக் கப்பல் போர்ட் பிளேருக்கு அம்மாவை மட்டும்தான் கொண்டுவந்தது.

காணாமல் போனவர்கள் பட்டியலில் உன் பெயர் இருந்தது. பிறகு, இறந்ததாக எழுதிக்கொள்ளலாம், ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். அம்மா பேனாவைத் தொடவில்லை. "காணோம்னுதானே எழுதிருக்கு? செத்துட்டான்னா எழுதிருக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு உனக்கு ஒரு திதி கிடையாது, படத்துக்கு மாலை கிடையாது. மாலை போட்ட படத்தை வீட்டில் வைத்தால் தெருவில் தூக்கி எறிவேன் என்றாள்.

நாங்கள் இப்போது மரைன் ஹில்லில் இருக்கிறோம். மேடு வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். கடல் தெரியும் ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டிருக்கிறோம். எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேபில் வேலை, நீ கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான். கல்யாணமும் ஆகிவிட்டது. உன் மாப்பிள்ளை பெயர் செல்வம், தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் வேலை, மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். நல்ல மனுஷன். உனக்குப் பிடித்திருக்கும், சண்டையும் போட்டிருப்பாய்.

அம்மா வந்த புதிதில், பொழுது போகாமல் ஒருநாள் உன் கேமைப் போட்டேன். பின்னால் வந்து நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்று முழுச் சோறு சாப்பிட்டாள். மறுநாள், "அந்த இருட்டு ஆட்டத்தப் போடு" என்றாள். எதற்கு என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த ஆளை அவள் நீ என்று நினைக்கவில்லை, அவளுக்குப் புத்தி பிசகவில்லை. ஆனால் அவன் தப்பித்தால் நீயும் எங்கேயோ தப்பித்திருப்பாய் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து எனக்கு ஆரம்பித்தது தலைவலி. ஒருமுறை காவல்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்துச் சுட்டுவிட்டான். திரை சிவந்து நம் ஆள் விழுந்தான். அம்மா இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கேம்தானே, மறுபடி முதலிலிருந்து ஆடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒனக்கு மறுபடி இருக்கு" என்றாள். அதனால் வேலை முடிந்து வந்து, அம்மா கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத் தனியாக ஒத்திகை பார்ப்பேன். எந்த விளக்கை உடைக்க வேண்டும், எவன் எத்தனை அடி நடந்து திரும்புவான், எல்லாம் மனப்பாடம். பிறகு அவள் முன்னால் ஒரு தப்பும் இல்லாமல் ஆடுவேன். ஏழு கழுதை வயதில் நான் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன், அண்ணா.

"இது எத்தன நாளைக்கு கோகிலா? அவங்களுக்கு நீ மருந்து குடுக்கறியா, வெஷம் குடுக்கறியா?" என்று உன் மாப்பிள்ளை ஒருநாள் கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. பதில் தெரிந்திருந்தால் எரிச்சல் வந்திருக்குமா?

ஆனால் பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அது பிடித்திருந்தது. அந்த விளையாட்டில் ஆபத்துக்கு ஒரு மரியாதை உண்டு. பூட்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு வரும், தனக்குத் தானே பேசிக்கொண்டு வரும். நான் வெளியே தெரிகிறேனா இல்லையா என்று ஒரு கோடு சொல்லிவிடும். வீட்டுக்குள் நிம்மதியாக மூச்சு விட முடியாத எனக்கு, அந்த இருட்டில் மூச்சு விட முடிந்தது.

இரண்டாம் பாகம் வந்தது, மூன்றாவது வந்தது. உன் கூட்டாளி பிப்லப்தான் ஒவ்வொன்றையும் மெயின்லேண்டிலிருந்து வரவழைத்துக் கொடுப்பான். பெங்காலிப் பிள்ளை, இன்னும் ஜங்லிகாட்டில்தான் கடை. போன மாதம் கூப்பிட்டு, "தீதி, நயா பார்ட் ஆ கயா! புதுப் பாகம் வந்தாச்சு! ஆனா இது வேற மாதிரி. ராஜு இருந்தா திட்டுவான்" என்றான்.

திட்டத்தான் திட்டியிருப்பாய். நம் ஆளுக்குத் தாடி நரைத்துவிட்டது. ஒளியவே மாட்டேன் என்கிறான். கதவை உதைத்துத் திறக்கிறான், மூன்று பேரைக் குறித்துக்கொண்டு ஒரே மூச்சில் சுடுகிறான். ஒளிந்து நிற்பது கோழைத்தனம் என்று இந்தக் கேமைச் செய்கிறவர்களிடம் யாரோ சொல்லிவிட்டார்கள் போல. இதை எப்படி அம்மாவுக்குக் காட்டுவது என்று ஒரு வாரம் தூக்கம் இல்லை. ஆனால் தனியாக ஒத்திகை பார்த்தபோது, பத்து பேரைச் சுட்டதும் மனசு லேசானது. அதற்காகவும் வெட்கப்பட்டேன்.

போன சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு போட்டேன். முடிந்தவரை பழைய மாதிரி ஒளிந்தே ஆடினேன். ஒரு காவல்காரனைப் பின்னால் இருந்து பிடித்துச் சாய்த்து, வழக்கம்போல இழுத்துக்கொண்டுபோய் மூலையில் இருட்டில் போட்டேன். உடம்பு யார் கண்ணிலும் படக் கூடாது, பட்டால் மணி அடித்துவிடும், அதுதான் முதல் பாகத்திலிருந்தே சட்டம். எத்தனை வருடமாக எத்தனை பேரை அப்படிப் போட்டிருப்பேன்.

அம்மா கேட்டாள். "அவன எங்க புள்ள போட்ட?"

"மூலையிலம்மா. யாருக்கும் தெரியாது."

"அப்ப அவுங்க வூட்ல தேடிக்கிட்டே இருப்பாங்களே."

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் தரை ஆடியது.

நீ போன பிறகு இங்கே நிலம் ஆடுவது சகஜம். இது கொஞ்சம் பலமாக ஆடியது. மின்சாரம் போய்விட்டது, சுவர் அலமாரியிலிருந்து பாத்திரங்கள் விழுந்தன. ஆடினால் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கேட்டவர் "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓட வேண்டும். இது எங்கள் வீட்டுப் பழக்கம், அம்மா ஏற்படுத்தியது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். "கோகிலா! கோகிலா!" என்று கத்தினாள்.

நான் பதில் சொல்லவில்லை அண்ணா.

மேஜைக்குக் கீழே குத்துக்காலிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயந்தால் சத்தம் போடாதே, அசையாதே என்று ஒன்பது வருடமாக விரலுக்குப் பழக்கியது உடம்பு முழுக்க ஏறியிருந்தது. அம்மா நாலு தடவை கூப்பிட்டது காதில் விழுந்தது. வாய் திறக்கவில்லை. ஆட்டம் நின்ற பிறகுதான் வெளியே வந்தேன்.

அறைந்தாள். சின்ன வயதில்கூட அவள் என்னை அடித்ததில்லை. "கூப்புட்டா கொரல் குடுக்க மாட்டியா? உசுரோட இருந்துக்கிட்டு ஒருத்தி கம்முனு இருப்பாளா? அவன் இருந்திருந்தா கொரல் குடுத்திருப்பான்டீ!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு படியில் உட்கார்ந்து, இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னாள். அன்று மேட்டிலிருந்து உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள். தண்ணீர் வடிந்த பிறகும் கூப்பிட்டிருக்கிறாள், இரண்டு பகல், தொண்டையில் ரத்தம் வரும்வரை. "நான் கூப்புட்டு அவன் வராம இருந்ததே இல்ல. வெளையாட்டுக்குக்கூட ஒளியத் தெரியாது அவனுக்கு, சிரிச்சிருவான். ஒளிஞ்சிருக்கான்னு நான்தான் சொல்லிக்கிட்டேன்." கடைசியில், "அவனுக்கு ஒரு கடுதாசி எழுது புள்ள. நாங்க இனி தேட மாட்டோம்னு எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன்.

வருகிற ஆடி அமாவாசைக்கு அம்மா கடலுக்கு இறங்குகிறாள். அந்த நிவாரணக் கப்பலிலிருந்து இறங்கிய பிறகு அவள் கடல் பக்கம் போனதே இல்லை. எள்ளும் தண்ணீரும் உன் மாப்பிள்ளை இறைக்கட்டும், பெண்பிள்ளை வேண்டாம் என்கிறார் ஐயர். நான்தான் இறைப்பேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் கையை ஒரு நொடிகூட விட மாட்டேன், இது சத்தியம். அவள் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், ஊருக்கே கேட்கிற மாதிரி. நானும் கூடச் சேர்ந்து கூப்பிடுவேன்.

நீ குரல் கொடுக்க வேண்டாம் அண்ணா. கேட்டுக்கொண்டிரு, போதும்.

அம்மாவின் அடி இன்னும் கன்னத்தில் காயாத
உன் தங்கச்சி,
கோகிலா