பின்வாசல் வாளி

அன்புள்ள சின்னவளுக்கு, அப்பா எழுதுவது. நீ அங்கே நன்றாக இருப்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன், இங்கே நாங்கள் முக்கால் நலம், மிச்சக் கால் மழை வந்தால் சரியாகிவிடும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மாவின் காது சுவரைத் தாண்டியும் கேட்கும், அதனால்தான். கையெழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும், நான் படித்த எட்டாம் வகுப்புக்கு இதுவே அதிகம்.

கடை அப்படியே இருக்கிறது. மழை இல்லாத ஊரில் குடைக்கடை வைத்திருப்பவனை விடப் பெரிய முட்டாள் உண்டா? எதிர் சலூன்காரர் தினமும் காலையில், “என்ன அண்ணே, இன்னைக்காவது போணி ஆச்சா? பேசாம மொட்டைத் தலைக்குச் சீப்பு வித்துப் பாருங்க” என்று புத்தி சொல்கிறார். தெருமுனையில் அவ்வளவு பெரிய கடல் கிடக்கிறது, குடிக்க ஒரு வாய் இல்லை. தண்ணீர் லாரி வந்தால் வந்தது. அன்றைக்கு வரிசையில் நின்றபோது, நீ கப்பலில் போய்க் கடலின் சூட்டை அளக்கிறாய் என்று பெருமை அடித்துக்கொண்டேன். கடல் எங்கே சூடாக இருக்கிறதோ அங்கேதான் ஈரக்காற்று மேலே எழும்பி மேகமாகும், இந்த வருஷம் அந்தச் சூடு நம் பக்கத்தை விட்டுத் தூரமாய் நகர்ந்துவிட்டது, மேகமும் அதன் பின்னாலேயே போய் அங்கேயே கொட்டித் தீர்க்கிறது, நமக்கு வருவது காய்ந்த காற்றுதான் என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். லாரி டிரைவர், “பெரியவரே, காய்ச்சல் பாக்கத் தெரிஞ்ச பொண்ணுதானே, அப்படியே கடலுக்கு ஒரு மாத்திரையும் குடுத்து இந்தப் பக்கம் அனுப்பச் சொல்லுங்க” என்றான். வரிசையே சிரித்தது, நானும் சிரித்தேன், குடம் நிரம்பவேண்டுமே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் போன படகு திரும்பாத நாளிலிருந்து அம்மா பின்வாசலில் ஒரு வாளி நல்ல தண்ணீர் வைக்கிறாள், உனக்குத் தெரியும். கடலிலிருந்து வந்தால் உப்புப் பூத்த உடம்போடு உள்ளே வரக்கூடாது, வாளியை ஊற்றிக்கொண்ட பிறகுதான் சோறு என்பது அவள் அவனுக்குப் போட்ட சட்டம். லாரி வந்தால் முதல் தண்ணீர் அதற்குத்தான். “இருக்கிறவனுக்கு ஒரு சொம்பு, வராதவனுக்கு ஒரு வாளியா?” என்று நான்கூட வாய்க்கொழுப்பில் கேட்டிருக்கிறேன். அவள் வாளியைத் தட்டு போட்டு மூடுவாள்.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. லாரியும் வரவில்லை. மத்தியானம் குடத்தின் கடைசித் தண்ணீரைக் கொடுத்தேன், மறுபடியும் தண்ணி தண்ணி என்றாள். வேறு வழியில்லாமல் வாளிக்குப் போனேன். குடத்தையும் வாளியையும் ஒரே லாரியில், ஒரே குழாயில் நானேதான் பிடித்தேன். தூசி விழுந்திருக்குமோ என்று முதலில் நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பு. கிணற்று உப்பு இல்லை மகளே, கடல் உப்பு. வாளியைச் சுற்றிச் சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது, போட்ட தட்டு போட்டபடி இருந்தது, வானத்தில் பஞ்சளவு மேகம் கிடையாது. பூனை என்று சொல்லிப் பார்த்தேன், காகம் என்று சொல்லிப் பார்த்தேன், எந்தக் காகம் கடலைச் சுமந்து வரும்? பக்கத்து வீட்டு டீச்சரிடம் ஒரு பாட்டில் வாங்கி வந்து அம்மாவுக்குக் கொடுத்தேன். அவளிடம் மூச்சு விடவில்லை. நீ படித்தவள், காரணம் ஏதாவது இருக்கும். தெரிந்தால் எழுது. இல்லை, எழுதாமலே இரு.

காய்ச்சல் விட்டு எழுந்ததும் அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். “அவன் இனி வரமாட்டான், போதும், நாம சின்னவகிட்டயே போயிடலாம்” என்றாள். நீ எத்தனை தரம் கூப்பிட்டாய், நான் எத்தனை தரம் கெஞ்சினேன்! துள்ளிக் குதித்திருக்க வேண்டியவனுக்குக் கால் பின்வாசலுக்குத்தான் போனது. அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து இப்போது வாளியை நிரப்பி வைப்பது நான்தான். ருசி பார்ப்பதில்லை, அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

ஆகையால் அம்மா போனில் சம்மதம் சொன்னதும் நீ எடுத்த இரண்டு டிக்கெட்டில் என்னுடையதை ரத்து செய்துவிடு. அம்மாவை நான் ஏற்றிவிடுகிறேன், நீ இறக்கிக்கொள். கடைச் சரக்கை விற்றுவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு குடையும் விற்காது என்று அவளுக்கும் தெரியும், இருந்தும் தன் துணிகளை மட்டும் பெட்டியில் அடுக்குகிறாள். அவளுக்கு மாத்திரையை நீயே எடுத்துக் கொடு, போட்டாச்சு என்று பொய் சொல்வாள். நீ கப்பலில் ஓரமாய் நின்று அளக்காதே, ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்கட்டும். நூறு வயசு இரு, நோய்நொடி இல்லாமல் இரு. மறக்காமல் ஒன்று செய். அந்தச் சூடு நம் பக்கம் திரும்புகிறது என்று உன் கருவி காட்டினால் ஆபீசுக்குச் சொல்லும் முன்னால் அப்பாவுக்கு ஒரு போன் போடு. நல்ல மழையாக ஒன்று பெய்துவிட்டால் உன் அண்ணன் எந்தத் தெருவில் வந்து நின்றாலும் உப்பு போய்விடும், வாளி வேண்டாம், அப்புறம் எனக்கு இங்கே வேலை இல்லை.

என்றும் உன் நினைவாக,
குடைக்கடை அப்பா