பெரியவன் முகவரிக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும்.

ஆமாம் கண்ணு, நானேதான் எழுதுகிறேன். இந்த முதியோர் இல்லத்தில் காலையில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு நடக்கிறது. ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்கிறேன். தேடிய எழுத்து கண்ணில் பட்டதும், காணாமல்போன செருப்பு கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம். வாசலில் உள்ள பலகையைத்தான் முதன்முதலில் முழுதாக வாசித்தேன். ‘அனுமதியின்றி வெளியே செல்லக்கூடாது.’ பூரிப்பில் காவலாளியிடம் உரக்க வாசித்துக் காட்டினேன். “நாளைக்கும் அதேதான் எழுதியிருக்கும், உள்ள போங்கய்யா” என்றார்.

கூடத்துக் கம்ப்யூட்டரில் எங்களுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. கடிதத்தை அடித்து அழுத்தினால் ‘ஏற்கப்பட்டது’ என்று வரும். உனக்கு நிறைய எழுதினேன். பதில் இல்லை. பக்கத்துக் கட்டில் கண்டக்டர், “உங்க எழுத்தைப் படிச்சு முடிக்கவே பொண்ணுக்கு ஒரு வருஷம் ஆகும்” என்று சீண்டினார். கோபத்தில் உன்னைத் திட்டியும் ஒன்று எழுதினேன்.

போன வாரம் கம்ப்யூட்டர் பார்க்கும் அம்மா வந்தார். “இந்தப் பக்கம் உங்க லெட்டரை வாங்கி வச்சுக்கிச்சு, அவ்வளவுதான். ஒண்ணுகூட கட்டடத்தை விட்டு வெளிய போகலைங்கய்யா. வெளிய போற வழியெல்லாம் அடைச்சிருக்காங்க. உங்க பேருக்குத் திறந்திருக்கிறது ஒரே ஒரு முகவரிதான்” என்றார். என்னைச் சேர்த்துவிட்டவரின் முகவரி. உன் அண்ணனுடையது. உன் முகவரியைச் சேர்க்கவும் அவன்தான் சொல்ல வேண்டுமாம். நான் கேட்டைத் தாண்டவும் அவன் கையெழுத்து வேண்டும். நான் திட்டியதும் போகவில்லை, அந்த மட்டுக்கும் நல்லது.

அவன் வரும்போது உன்னைப் பற்றிக் கேட்டால், “அவ பேசறதில்லப்பா, விடுங்க” என்பான். என்னை யார் வைத்துக்கொள்வது என்று நீங்கள் போட்ட சண்டைக்கு அப்புறம் நானும் துருவிக் கேட்பதில்லை. போன முறை வாய்தவறிச் சொல்லிவிட்டான், மாதக் கடைசியில் நீ குடும்பத்தோடு வெளிநாடு போகிறாய் என்று. போவதற்குள் ஒருமுறை வா. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பார்வையாளர்களை விடுகிறார்கள். நானாக வர வழியில்லை.

பெரியவனே, இதை முதலில் படிப்பது நீதான். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் அடுப்பை அணைக்காமல் தூங்கியதில் நீ பயந்துபோனாய், தெரியும். இதை மட்டும் அழித்துவிடாதே. கடிதத்தின் மேலே ஒரு அம்புக்குறி இருக்குமாம். அதை அழுத்தி உன் தங்கையின் முகவரியைப் போட்டால் அவளுக்குப் போய்விடுமாம். உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். இதை அடிக்க எனக்கு இந்த வாரக் காலையெல்லாம் ஆனது. உனக்கு ஒரு நிமிட வேலை.

இருவரும் நன்றாக இருங்கள்.

உங்கள் இருவருக்கும்
அப்பா