உப்பு வாங்கப் போனவள்

12.2.2008
ஓசூருக்குப் போக வேண்டிய பெட்டிகள் புனேக்குப் போய்விட்டன. புனே பெட்டிகள் ஓசூரில் இறங்கியிருக்கின்றன. கம்பெனியில் லேபிள் ஒட்டி அனுப்புவது என் வேலை. மேனேஜர் அருணாச்சலம் சார் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னாம்மா ஹுமைரா, கண்ண தொறந்துக்கினே தூங்குறியா? இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா வேலைய உட்டுட வேண்டியதுதான்."

தூங்கவில்லை. லேபிளைப் பார்த்துக்கொண்டுதான் ஒட்டினேன். அதற்கு நடுவில் எங்கே போனேன்?

13.2
அழுகை மட்டும்தான்.

20.2
பக்கத்து மேசை பிரின்சி கேண்டீனில் சொன்னாள்: "நீ சோம்பேறி இல்லடி. சோம்பேறி இப்படியா பயந்து சாவான்?" அவள் அக்கா சென்னையில் நர்ஸ். அங்கே டாக்டர் சாராள் என்று மனநல மருத்துவர் ஒருவர் இருக்கிறாராம். மூளையில் கட்டி ஏதாவது இருக்குமோ என்று நானே பயந்துகொண்டிருந்தேன். போகலாம் என்றேன்.

வீட்டில் சொன்னதும் வாப்பா துணிக்கடைச் சாவியைத் தரையில் போட்டார். "பைத்தியக்கார டாக்டரா? பழவேற்காட்ல ஒனக்கு நிக்காஹ் பேசி முடிச்சிருக்கேன். ஷாகிர் ஊட்ல தெரிஞ்சா இன்னா ஆவும்?"

உம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?

1.3
பிரின்சியோடு போனேன். கட்டி இல்லை. டாக்டர் நிறைய கேட்டார். பாதிக் கேள்விகளை என் வீட்டில் ஒளிந்திருந்து பார்த்தவர் போலக் கேட்டார். கடைசியில், "சின்ன வயசுல எப்படி இருந்தீங்கன்னு தெரிஞ்சவங்க வரணும். பதினஞ்சாம் தேதி கூட்டிக்கினு வாங்க" என்றார்.

தெரிந்தவர் வாப்பா ஒருவர்தான். சொல்லி வைத்தேன். அவர் வந்தாற்போலத்தான்!

14.3
இத்தனை நாள் என்னோடு சரியாகப் பேசாத வாப்பா, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார்: "நாளைக்கு எத்தினி மணிக்கு ரயிலு?"

15.3
இதை விடாமல் எழுத வேண்டும்.

வாப்பா முதலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அப்புறம் வாப்பாவாகவே ஆரம்பித்தார்.

"ஏழு வயசுல உப்பு வாங்கினு வர அனுப்புனேன்மா. இருட்டுற நேரத்துக்கு ஒரு பூனைக்குட்டியோட வந்து நிக்கிது. உப்பும் இல்ல, செருப்பும் இல்ல. 'உப்பு எங்க'ன்னா, 'எந்த உப்பு வாப்பா'ன்னு கேக்குது. அடிச்சேன். திமிருன்னு நெனச்சுக்கினு ரொம்ப நாளு அடிச்சேன். அது திமிரு இல்லியாம்மா?"

"இல்ல பாய்" என்றார் டாக்டர்.

அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஏ.டி.எச்.டி., கவனக் குறைபாடு என்றார் டாக்டர். "கவனம் இருக்கு உங்களுக்கு. வேணுங்கற எடத்துல அத நிறுத்தி வெக்கிறதுதான் கஷ்டம். பையன்னா ஓடி ஒடச்சு ரகளை பண்ணுவான், கூட்டிக்கினு வருவாங்க. பொண்ணு ஜன்னலப் பாத்துக்கினு உக்காந்திருந்தா யாரு கண்டுக்கறாங்க?"

இருபத்தொன்பது வருஷம். சந்தோஷமா, கோபமா, தெரியவில்லை. ரெண்டும்தான்.

திரும்பி வரும்போது ரயிலில் வாய் ஓயாமல் பேசினேன். பள்ளிக்கூடம், தொலைத்த குடைகள், உம்மா, எல்லாம். தலை நிமிர்ந்தால் தடா ஸ்டேஷன்! எங்கள் ஊர் ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்கே வந்துவிட்டோம். "ஐயோ வாப்பா, எறங்கல!" என்றேன்.

"எனக்குத் தெரியும். நீ பேசிக்கினு வந்த. நிறுத்த மனசு வரல" என்றார்.

தடா ஸ்டேஷனில் டீ குடித்தோம்.

18.3
முதல் மாத்திரை. பசியே இல்லை, வாய் உலர்கிறது. ஆனால் மதியம் ஃபாரத்தை எடுத்தேன், பூர்த்தி செய்தேன், வைத்தேன். நடுவில் எங்கேயும் போகவில்லை. எல்லாருக்கும் தினமும் இப்படித்தான் இருக்குமா? அல்லாஹ்வே.

2.4
அருணாச்சலம் சாரிடம் கேட்டேன்: ஒரு லாரியை முடித்த பிறகுதான் அடுத்த லாரியின் லேபிள் என் மேசைக்கு வர வேண்டும். காரணத்தையும் சொன்னேன். "அது இன்னா நோயோ, எனக்குப் புரியல. ஆனா இது நல்ல யோசனைமா" என்றார்.

6.4
ஷாகிருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். மறைத்துக் கட்டிக்கொண்டு வாழ்நாளெல்லாம் நடிக்க என்னால ஆவாது. ஷாகிர் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சரின்னா? இன்னா சரி?

11.4
போன் இல்லை. வாப்பா என்னைத் திட்டவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

13.4
ஷாகிரும் அவர் உம்மா மெஹர்னிசா மாமியும் வந்தார்கள். மாமி நேராகக் கேட்டார்: "மருந்து சாப்ட்டா முழுசா போயிடுமா?"

"போவாது மாமி. கொஞ்சம் கை குடுக்கும்."

மாமி வாப்பாவிடம் திரும்பி, "பொய் சொல்லத் தெரியாத பொண்ணு பாய்" என்றார். அது பாராட்டா குறையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஷாகிர் கிளம்பும்போது மெதுவாகச் சொன்னார்: "ஒரு வாரமா அதப் பத்திதான் படிச்சுக்கினு இருந்தேன். பிரவுசிங் சென்டர்ல. எல்லாம் இங்கிலீஷு. அதான் லேட்டு."

10.11
நிக்காஹ் முடிந்து கும்மிடிப்பூண்டி வாடகை வீட்டில் இது மூன்றாவது மாதம். காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஷாகிர் துணி எடுத்து வந்தார், நான் துடைத்தேன். மிச்சப் பாலில் டீ போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

என்னை நானே திட்டிக்கொள்ளவே இல்லை. இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.