கடலில் கிடப்பவனுக்கும் கட்டி வரும்

புளோரிடா, 12.3.1996

அன்புள்ள அப்பாவுக்கு வினோலியா தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

உங்கள் கழுத்துக் கட்டியை இன்னும் டாக்டரிடம் காட்டவில்லையாமே. கேட்டால், “கடல்ல கெடக்கவனுக்குப் புத்துநோய் வராதுளா” என்று எழுதுகிறீர்கள். எத்தனை தடவை சொல்வது? கடலிலேயே பிறந்த ஆமைகளுக்குக் கட்டி வந்துதான் நான் வேலை பார்க்கும் ஆமை ஆஸ்பத்திரி நிறைந்து கிடக்கிறது. கட்டி கண்ணை மூடிவிட்டால் ஆமைக்கு இரையும் தெரியாது, சுறா வருவதும் தெரியாது. நேற்று ஒன்றுக்கு அறுத்து எடுத்தோம். கண் தெரிந்ததும் என் விரலைத்தான் கடிக்கப் பார்த்தது. உங்களைப் போலவே வீம்பு.

அம்மாவோடு பாளையங்கோட்டைக்குப் போய்க் காட்டுங்கள். நம் கோயில் பாட்டு கேசட் ஒன்று அனுப்புங்கள். சாயங்காலம் அறையில் பேச்சுச் சத்தமே இல்லை.

டாக்டரிடம் காட்டிய பிறகு எனக்குக் கடிதம் போட்டால் போதும். இல்லை, அதற்கு முன்னாலும் போடுங்கள்.

உங்கள் மகள்
வினோலியா